புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்குக் குரல் கொடுத்த எம்.பி., எம்.எல்.ஏ.வுக்குப் பாராட்டு விழா: டெல்டா அமைப்புகளுக்கான முழு வழிகாட்டி

காவிரி டெல்டாவில் பாராட்டு விழாவுக்குப் பஞ்சமில்லை. பாலம் கட்டினால் விழா, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் வந்தால் விழா, வாய்க்கால் தூர்வாரினால் விழா. ஆனால், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பணம் ஏன் முழுசாகச் செலவாகவில்லை என்று அவையில் எழுந்து கேட்ட உறுப்பினருக்கு யாரும் மாலை போடுவதில்லை. அந்தக் கேள்விக்குக் கல்வெட்டு கிடையாது, ரிப்பன் வெட்டவும் எதுவும் இல்லை. ஊருக்கே தெரியாமல் போய்விடும். நோயாளியைக் கூட்டிக்கொண்டு உழவன் எக்ஸ்பிரஸில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும், பஸ் மாறிப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கும் போய்வரும் குடும்பங்களை நமக்கெல்லாம் தெரியும். அவர்களுக்காகக் கேட்கப்பட்ட கேள்வியைத் தேடிப் பிடித்து, பெயர் சொல்லி, தேதி சொல்லிப் பாராட்டினால் அடுத்த கூட்டத்தொடரில் இன்னொரு கேள்வி வரும்.

நோயாளர் நலச் சங்கம், அரிமா சங்கம், ரோட்டரி, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம், வர்த்தகர் சங்கம் என்று யார் நடத்தினாலும் இந்த வழிமுறை பொருந்தும்.

முதலில்: எதைப் பாராட்டுகிறோம்?

இதில் தெளிவு இல்லாமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். புற்றுநோய் விஷயத்தில் ஒரு மக்கள் பிரதிநிதி செய்யக்கூடியவை மூன்று வகை.

ஒன்று, நிவாரணம். பிரதமர் நிவாரண நிதிக்குப் பரிந்துரைக் கடிதம் தருவது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைப்பதில் சிக்கல் வந்தால் தீர்த்து வைப்பது. இரண்டாவது, சிகிச்சை வசதி. மருத்துவமனைக்குக் கட்டடம், கருவி, ஆம்புலன்ஸ். மூன்றாவதுதான் ஆராய்ச்சி. மூன்றுமே நல்ல காரியம். ஆனால் மூன்றையும் ஒரே கூடையில் போட்டு "புற்றுநோயாளிகளின் காவலர்" என்று பட்டம் கொடுத்தால், மூன்றாவது வேலையைச் செய்யச் சொல்லி யாரையும் தூண்ட முடியாது.

எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. இரண்டும் பொதுமக்களுக்கு நிலையாகப் பயன்படும் சொத்து உருவாக்கத்தான். ஆய்வாளருக்குச் சம்பளமோ, மருந்துப் பரிசோதனைச் செலவோ அதிலிருந்து போகாது. ஆராய்ச்சிப் பணம் இருக்கும் இடம் டெல்லி பட்ஜெட். சுகாதார அமைச்சகத்தின் சுகாதார ஆராய்ச்சித் துறை வழியாக ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போகிறது, உயிரித் தொழில்நுட்பத் துறை வழியாகப் போகிறது. மும்பை டாடா நினைவு மையம் 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இருப்பதால் அதற்கான பணம் அந்தத் துறையின் கணக்கில் வருகிறது. ஆகவே ஆராய்ச்சிக்கு உதவ நினைக்கும் எம்.பி.யின் கருவி அவருடைய குரல்தான்: கேள்வி, மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது) விவாதம், நிலைக்குழு (துறைவாரியாக ஆராயும் உறுப்பினர் குழு), அமைச்சருக்குக் கடிதம்.

எம்.எல்.ஏ.வுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. ஆராய்ச்சி என்றால் ஆய்வகம் மட்டும் இல்லை, எண்ணிக்கையும்தான். எந்த வட்டத்தில், எந்த வயதில், எந்த உறுப்பில் புற்றுநோய் வருகிறது என்று பதிவு செய்தால்தான் மற்றதெல்லாம். ஐ.சி.எம்.ஆர். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தை 1981-ல் தொடங்கியது. தமிழ்நாடு முழுவதற்குமான பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிறுவனம் மாநில அரசோடு சேர்ந்து நடத்துகிறது. திருத்துறைப்பூண்டியிலோ சீர்காழியிலோ கண்டறியப்படும் ஒவ்வொரு நோயாளியும் அதில் ஏற வேண்டும். ஏறுகிறாரா, அதற்கு மருத்துவமனையில் ஆள் இருக்கிறாரா என்று சட்டமன்றத்தில் கேட்கலாம். தடுப்பூசியும் மாநில பட்ஜெட்டில் இடம்பெற்றிருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாகப் போட 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அறிவிப்பு நம் மாவட்டத்தில் எந்த அளவுக்கு வந்து சேர்ந்தது என்று துருவிக் கேட்கும் உறுப்பினர் பாராட்டுக்குரியவர்.

இதற்கு நம் பக்கத்திலேயே பெரிய முன்னுதாரணம் உண்டு. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து, அதன் துணைத் தலைவராகவும் ஆனவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். விடாமல் கேட்டுக் கேட்டு, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தார். சட்டமன்றம் கண்ட ஒரு பெண்ணின் பிடிவாதத்தில் முளைத்த இடத்துக்குத்தான் இன்றும் நம் ஊர் ஆட்கள் ரயில் ஏறுகிறார்கள்.

ஆதாரம் தேடுங்கள்

விழாவின் உயிர் இதில்தான் இருக்கிறது. மற்ற வேலைக்கெல்லாம் சேர்த்து ஆகும் நேரத்தை விட இதற்கு அதிகம் ஒதுக்குங்கள். "அண்ணன் நிறைய செய்திருக்கிறார்" என்று கட்சிக்காரர் சொல்வது ஆதாரம் ஆகாது.

மக்களவைக்கு டெல்டாவில் தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று மூன்று தொகுதிகள். நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினரின் பெயர், அமைச்சகம், தலைப்பு என்று தேடினால் அவர் கேட்ட கேள்வியும் அமைச்சரின் பதிலும் கிடைக்கும். "புற்றுநோய்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லோடு நிறுத்தாமல் ஐ.சி.எம்.ஆர்., டாடா நினைவு மையம், எச்.பி.வி., ரேடியோதெரபி (கதிர்வீச்சுச் சிகிச்சை), பதிவேடு என்றும் போட்டுத் தேடுங்கள். சுகாதார அமைச்சகத்தோடு நிறுத்தாமல் அணுசக்தித் துறையின் பதில்களையும் பாருங்கள். பலர் தவறவிடும் இடம் அது. பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பின் தளத்திலும் ஒவ்வொரு எம்.பி.யின் கேள்விகளும் விவாதங்களும் தொகுத்து வைக்கப்பட்டிருக்கின்றன.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்குத்தான் அந்த வாய்ப்பு, அதுவும் குலுக்கலில். நட்சத்திரக் குறியில்லாதவை 230 வரை, எழுத்தில் பதில். எனவே நட்சத்திரக் கேள்வி வராததை உறுப்பினரின் குறையாகப் பார்க்காதீர்கள். நேரமில்லா நேரத்தில் (கேள்வி நேரம் முடிந்ததும் அவசர விஷயங்களை எழுப்பும் நேரம்) பேசியது, மக்களவையின் 377-வது விதியின் கீழ் எழுப்பியது ஆகியவையும் பதிவில் இருக்கும். அமைச்சராக இருப்பவர் கேள்வி கேட்க முடியாது. அவரை அவருடைய துறையின் செயலை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

நிலைக்குழு வேலையை யாரும் கவனிப்பதே இல்லை. சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022 செப்டம்பரில் புற்றுநோய்ச் சிகிச்சை, தடுப்பு, ஆராய்ச்சி, செலவு எல்லாவற்றையும் பற்றி 139-வது அறிக்கையைக் கொடுத்தது. கேமரா இல்லாத அறையில் உட்கார்ந்து மருத்துவர்களையும் அதிகாரிகளையும் விசாரித்துத் தயாரிக்கும் அறிக்கை. உங்கள் தொகுதிக்காரரோ தமிழ்நாட்டின் மாநிலங்களவை உறுப்பினர் 18 பேரில் ஒருவரோ இப்படியொரு குழுவில் உழைத்திருந்தால், என் கணக்கில் அது மேடைப் பேச்சை விடப் பெரிய தகுதி.

சட்டமன்றத்துக்கு வருவோம். தஞ்சாவூர் மாவட்டத்தில் 8, திருவாரூரில் 4, நாகையில் 3, மயிலாடுதுறையில் 3 தொகுதிகள். மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை எண் 19. அந்த விவாத நாளின் நடவடிக்கைக் குறிப்பை முதலில் படியுங்கள். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் உறுப்பினர் கேட்டதற்கும் அரசு செய்ததற்கும் தொடர்பு தெரியும். அப்புறம் கேள்வி நேரம், கவன ஈர்ப்புத் தீர்மானம். தொகுதி நிதியில் மருத்துவமனைக்கு வாங்கிய கருவிகளின் விவரம் வேண்டுமென்றால் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். காரைக்கால் நண்பர்கள் புதுச்சேரி சட்டமன்றத்தையும் புதுச்சேரி எம்.பி.யையும் பார்க்க வேண்டும். ஆறு ஒன்றானாலும் அவை வேறு.

கேள்வி கிடைத்ததும் அதன் தரத்தைப் பாருங்கள். "நாட்டில் புற்றுநோய் அதிகரித்துள்ளதா?" என்று கேட்டால் அமைச்சகம் நாலு பக்க அட்டவணையை இணைத்துவிட்டுப் போய்விடும். "இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு?" என்று மூன்றையும் பிரித்துக் கேட்டவர் விஷயம் தெரிந்தவர். 2025-26 மத்திய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையம், அந்த ஆண்டே 200 மையம் என்று அறிவித்தார்கள். அதில் நாகைக்கு எப்போது, மயிலாடுதுறைக்கு எப்போது என்று தேதி கேட்ட கேள்வி இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அது சிகிச்சை வகைதான், ஆனாலும் உள்ளூரை நேரடியாகத் தொடுவது.

வேதாரண்யம் பக்கம் புகையிலை பயிர் உண்டு. அந்த மாதிரி ஊரில் ஜெயித்தவர் வாய்ப்புற்றுநோய் ஆய்வுக்கும் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கும் பேசினால் சொந்த ஓட்டையே பணயம் வைக்கிறார். விவசாயிக்கு மாற்றுப் பயிரும் கேட்டிருந்தால் இன்னும் உயர்த்திப் பாராட்டுங்கள்.

தேர்வு

ஐந்து பேர் போதும். புற்றுநோய்ச் சிகிச்சை தெரிந்த ஒரு மருத்துவர், நோயிலிருந்து மீண்ட ஒருவர், ஓர் ஆசிரியர், ஒரு வழக்கறிஞர், உங்கள் அமைப்பின் ஒருவர். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் வேண்டாம். திரட்டிய ஆதாரத்தைப் பெயரை மறைத்துச் செயலை மட்டும் எழுதி வாசித்தால் சண்டை பாதி குறையும். தகுதியானவர் யாரும் இல்லையென்றால் அந்த ஆண்டு விழா வேண்டாம். சும்மா கொடுத்த பட்டயம் அடுத்து வருபவரின் பட்டயத்தையும் மலிவாக்கிவிடும்.

நாள் குறிப்பது

முகூர்த்த நாளைத் தொடவே தொடாதீர்கள். அன்றைக்கு எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி முழுக்கக் கல்யாணம் இருக்கும். உங்கள் விழாவுக்கு வந்து இரண்டு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்புவார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் அவரும் கிடைப்பார், மண்டபமும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்த நாளான ஜூலை 30 ஆடியில்தான் வருகிறது. ஆனால் அப்போது நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடர் நடக்கும் என்பதால், எம்.பி. வர வேண்டுமென்றால் அதையொட்டிய சனி, ஞாயிறு. பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள். சம்பா அறுவடை நேரம், கிராமத்து ஆட்கள் வயலில் இருப்பார்கள், பட்ஜெட் கூட்டத்தொடரும் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் மழையை நம்ப முடியாது. என்னைக் கேட்டால் ஆடி ஞாயிறு காலைதான்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் முடிவு வரும்வரை விழாப் பேச்சே வேண்டாம். உள்ளாட்சித் தேர்தலானாலும் அப்படித்தான்.

அழைப்பும் மேடையும்

உறுப்பினரின் உதவியாளரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிற்காமல், எந்தச் செயலுக்காக என்று எழுதிய ஒரு பக்கக் கடிதத்தைத் தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கேள்வியின் அச்சுப் படியையும் இணையுங்கள். தான் கேட்டதை ஊரில் யாரோ படித்திருக்கிறார்கள் என்பதே பல உறுப்பினர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

அழைப்பிதழில் பெயர் வரிசைதான் எல்லா மனக்கசப்புக்கும் காரணம். பதவி வரிசை, ஒரே பதவி என்றால் அகர வரிசை என்று முதலிலேயே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். எதிர்க்கட்சி உறுப்பினரையும் அழைத்து மேடையில் உட்கார வையுங்கள். கட்சிக் கொடி, கட்சிக் கரை வேட்டி, வரவேற்பு வளைவு எதுவும் கூடாது. பிளெக்ஸ் வைப்பதானால் நகராட்சி அனுமதியோடு, மண்டப வளாகத்துக்குள் மட்டும்.

பணம் விஷயம். உள்ளூர் நன்கொடைக்கு ரசீது கொடுங்கள். வெளிநாட்டிலிருக்கும் நம் ஊர்க்காரர் ஆசையாக அனுப்பினாலும் அதிலிருந்து உறுப்பினருக்கு எதுவும் தரக் கூடாது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளிநாட்டுப் பங்களிப்பு பெறுவதை 2010-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. புகையிலை, சீவல் வியாபாரத்திலிருந்து நன்கொடை வாங்காதீர்கள். மருந்து நிறுவனம், தனியார் மருத்துவமனை விளம்பரமும் வேண்டாம் என்பது என் எண்ணம்.

விழாவில் வரவேற்பு, செயலை விளக்கும் பத்து நிமிடம், பட்டயம், ஏற்புரை, மனு, நன்றி. இவ்வளவே. மீண்டு வந்தவர் ஒருவர் பேச விரும்பினால் ஐந்து நிமிடம் கொடுங்கள். சிகிச்சையில் இருப்பவர்களை மேடையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். கீமோ எடுப்பவருக்குக் கூட்டத்தில் உட்கார்வதே தொற்று ஆபத்து. வந்திருந்தால் மின்விசிறி பக்கம் இடம், தனியாகத் தண்ணீர், யாருக்கும் காத்திராமல் சாப்பாடு. விருந்தினர் தாமதமானாலும் குறித்த நேரத்தில் தொடங்கிவிடுங்கள். செயலை விளக்கும் பகுதி ஊருக்குத்தான், அவருக்கு இல்லை.

பட்டயத்தில் என்ன எழுதுவது

வழக்கமாக நாம் எழுதுவது, "ஏழைகளின் ஏந்தல், மக்களின் மனிதநேயர்" என்று ஒரு பக்கம். யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும் வரிகள். அதை முழுசாக விட்டுவிடுங்கள். செயல், தேதி, விளைவு, நன்றி என்று நான்கே விஷயம். இப்படி எழுதலாம்:

"...... தொகுதி மக்களவை உறுப்பினர் திரு/திருமதி ...... அவர்கள், ...... ஆம் ஆண்டு ...... கூட்டத்தொடரில், ...... தேதியன்று, ...... எண் கேள்வி வழியாகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்ட தொகையும் செலவான தொகையும் எவ்வளவு என்று கேட்டார். அதற்கு அரசு அளித்த பதில் ...... என்பது பதிவில் உள்ளது. காவிரிப் படுகை நோயாளிகளின் குடும்பங்கள் சார்பில் இக்கேள்விக்காக நன்றி தெரிவிக்கிறோம். இப்பணி தொடர வேண்டுகிறோம்."

பதில் திருப்தியாக இல்லையென்றாலும் அப்படியே எழுதுங்கள். "பதிலில் செலவு விவரம் தரப்படவில்லை" என்ற வரி பட்டயத்தில் இருந்தால், உறுப்பினரின் அலுவலகச் சுவரில் அது தொங்கும். பார்க்கும் ஒவ்வொருவரும் கேட்பார்கள். மேடையில் பட்டயத்தை முழுசாக, நிறுத்தி நிதானமாக வாசிக்க நல்ல குரல் உள்ள ஒருவரை முன்பே பழக்குங்கள். கேள்வி எண்ணையும் தேதியையும் வாசிக்கும்போது அரங்கம் அமைதியாகிவிடும். வழக்கமான புகழ் வரிகளுக்கு அது நடக்காது.

நினைவுப் பரிசும் தாம்பூலமும்

பொன்னாடை ஒன்றே ஒன்று, அமைப்பின் சார்பில். வந்தவர் போனவரெல்லாம் போர்த்த ஆரம்பித்தால் விழாவின் பாதி நேரம் அதிலேயே போய்விடும். பரிசு விலை குறைவாக, நம் கைத்தொழிலாக இருக்கட்டும்: தஞ்சாவூர் நெட்டி வேலை, சின்னக் கலைத்தட்டு, நாச்சியார்கோவில் கைவிளக்கு. வாங்கும்போது கைவினைஞரின் வீட்டுக்கே போய் வாங்குங்கள்.

தாம்பூலத் தட்டில்தான் கவனம் வேண்டும். நம் பக்கத்து விழாவில் வாசலிலேயே வெற்றிலை, சீவல் பொட்டலம், சில இடங்களில் பன்னீர்ப் புகையிலையும் இருக்கும். புகையிலை சேராத வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியிருக்கிறது. புற்றுநோய் விழாவில் சீவல் வைக்கக் கூடாது. கும்பகோணம் வெற்றிலை, மஞ்சள், வாழைப்பழம், ஒரு மரக்கன்று. பெரியவர்கள் "பாக்கு இல்லாமல் என்ன தாம்பூலம்?" என்று கேட்பார்கள். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவரை உட்கார வைத்து, வருகிறவர்களின் வாயை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் முழுசாகத் திறக்க முடியாமை: இவை இருந்தால் அங்கேயே சீட்டு எழுதி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். காரணம் அதற்குமேல் விளக்கத் தேவைப்படாது.

கையில் ஒரு மனு

ஏற்புரை முடிந்த கையோடு அடுத்த கோரிக்கையைக் கொடுங்கள். ஒன்று, அதிகபட்சம் இரண்டு. பத்து கோரிக்கை கொடுத்தால் ஒன்றும் நடக்காது. எம்.பி.க்கு: ஐ.சி.எம்.ஆர். ஆய்வுத் திட்டங்களில் டெல்டா மருத்துவக் கல்லூரிகளுக்கு எத்தனை வந்தன என்று வரும் கூட்டத்தொடரில் கேள்வி. எம்.எல்.ஏ.வுக்கு: தஞ்சாவூர், திருவாரூர், நாகை அரசு மருத்துவக் கல்லூரிகளில் பதிவேட்டு வேலைக்குத் தனி ஆள் நியமிக்கக் கோரிக்கை. கேள்வியை நீங்களே வரைந்து கொடுங்கள், அ, ஆ, இ என்று பிரித்து. மக்களவைக்கு 15 முழு நாள் முன்னதாக நோட்டீஸ் போக வேண்டும், அதற்கு ஏற்ற மாதிரி தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழாவுக்குப் பிறகு

ஒரு வாரத்துக்குள் உள்ளூர் நிருபர்களுக்குப் படத்தோடு அந்தக் கேள்வியின் சாரத்தையும் கொடுங்கள். படம் மட்டும் கொடுத்தால் படம் மட்டும்தான் வரும். வரவு செலவை உங்கள் அமைப்பின் உறுப்பினர்களுக்கு வாசித்துவிடுங்கள். பாராட்டப்பட்ட எம்.பி., எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கோப்பு போட்டு, ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் தேடிப் பார்த்து எழுதி வையுங்கள். மனுவில் கேட்டது நடந்தால் உடனே ஒரு நன்றிக் கடிதம். நடக்கவில்லை என்றால், அடுத்த தொடர் தொடங்குவதற்கு முன் அதே வரைவை எடுத்துக்கொண்டு மறுபடி தொகுதி அலுவலகத்துக்குப் போங்கள்.